மேலே எவ்வளவு போடணும்?

"ஏன் சார் குடுக்குறீங்க? வண்டி நல்லாத்தானே இருக்கு?"

பழைய வண்டி வாங்கி விற்கிறவர்கள் எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. கேட்கிற தொனியில் அக்கறை இருக்கும், கண் மட்டும் வண்டியின் மேலேயே இருக்கும். நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "சும்மாதான் அண்ணே. ரொம்ப வருஷமாச்சு, மாத்தலாம்னு."

அது பொய். வருஷமானது என்னவோ உண்மைதான். 2009-இல் புதிதாக வாங்கிய 150 சிசி வண்டி. ஆனால் மாற்ற நினைத்தது அதனால் இல்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில் முன்னால் போன கார் சட்டென்று நின்றது. பதறிப்போய்ப் பின் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டு அப்படியே வழுக்கியது, வண்டியின் பின்பாதி இடப்பக்கமாகப் போனது. காலை ஊன்றி எப்படியோ நிமிர்த்திவிட்டேன், விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து வானம் இருட்டினாலே வண்டிச் சாவியை எடுக்கக் கை வராது.

ஏபிஎஸ் உள்ள வண்டி வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்பதை சென்சார் கண்டுபிடித்ததும் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல தடவை விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு. 1988-லேயே பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் வந்துவிட்டது. பெரிய வண்டிக்காரர்களின் சொத்தாக இருந்தது என்னைப் போன்றவர்கள் ஓட்டுகிற சின்ன வண்டிகளுக்கு இறங்கி வரத்தான் வெகுகாலம் பிடித்தது. புது வண்டி வாங்க மனமில்லை, காசும் அந்த அளவுக்கு இல்லை. நாலைந்து வருஷம் ஓடிய ஒன்றை எடுத்துக்கொண்டு என்னுடையதைக் கொடுத்துவிடலாம் என்பது திட்டம்.

நேரடியாக ஓட்டப்போகிற ஆளுக்கே விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், அது சரிதான். கடைக்காரர் என் வண்டியை வாங்கி, கழுவி, கோளாறு பார்த்து, ஆள் வரும்வரை நிறுத்தி வைத்து, லாபமும் பார்க்க வேண்டும். அந்தச் செலவெல்லாம் எனக்குக் கொடுக்கிற விலையில்தான் கழியும். ஆனால் நேரடியாக விற்பது என்றால் என்ன? வேலை நேரத்தில் போன் வரும். வருகிறேன் என்றவர் வரமாட்டார். வந்தவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பினால் திரும்பி வரும்வரை தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு முறை இப்படி ஃபிரிட்ஜ் விற்ற அனுபவம் எனக்கு உண்டு. ஃபிரிட்ஜையாவது யாரும் ஓட்டிக்கொண்டு போக மாட்டார்கள். இந்தத் தலைவலியை விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை என்று முடிவு செய்தேன். எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் சரி.

அது தெரியாமல் போவதற்குத்தான் எக்ஸ்சேஞ்சில் வழி அதிகம். முதலில் போன கடையில் என் வண்டிக்கு நான் நினைத்ததைவிட நல்ல விலை சொன்னார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது கடையில் குறைவாகச் சொன்னதும் கோபமே வந்தது. வீட்டுக்கு வந்து தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு கணக்குக்காக, முதல் கடையின் வண்டி 100 என்றும் என் வண்டிக்கு அவர்கள் தந்தது 30 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போட வேண்டியது 70. இரண்டாவது கடையில் அதே தரத்து வண்டி 88, என் வண்டிக்கு 22. மேலே போட வேண்டியது 66. என்னை அவமானப்படுத்தியதாக நான் நினைத்த கடைக்காரர்தான் குறைவாகக் கேட்டிருக்கிறார். முதல் கடைக்காரர் என் வண்டியைப் புகழ்ந்துவிட்டு அந்தப் புகழ்ச்சிக்கும் சேர்த்துத் தன் வண்டியின் மேல் விலை போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "மேலே எவ்வளவு போடணும்?" பெயர் மாற்றும் செலவு, சர்வீஸ் செலவு எல்லாம் சேர்த்து ஒரே எண். மாதத் தவணையாகச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தி மொத்தத்தைக் கேட்பேன். தவணைக் காலத்தை நீட்டினால் எந்த விலையும் சின்னதாகத்தான் தெரியும்.

இதற்கிடையில் நான் ஒரு முட்டாள்தனமும் செய்திருந்தேன். விற்கப்போகிற வண்டிக்குப் பின்டயர் புதிதாக மாற்றினேன். பழைய டயர் தேய்ந்திருந்தது, அதைக் காட்டி விலையைக் குறைப்பார்களே என்று. கடைக்காரர் அந்த டயரைப் பார்த்து, "பரவாயில்லையே, புதுசு" என்றார், அவ்வளவுதான். விலையில் டயரின் வால்வு மூடி அளவுக்குக்கூட அது ஏறவில்லை. அவருக்கு டயர் மொத்த விலையில் கிடைக்கும். தேய்ந்திருந்தால் அதில்தான் கழித்திருப்பார். நான் கொடுத்தது சில்லறை விலை. நன்றாகக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, எரியாத பல்பை மாற்றி, சர்வீஸ் பில்களையும் இரண்டாவது சாவியையும் தேடி எடுத்து வைத்தாலே போதும். அந்த இரண்டாவது சாவிக்கு அவர் காட்டிய மகிழ்ச்சியை டயருக்குக் காட்டவில்லை.

சரி, இரண்டாவது கடைக்கே வருகிறேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வண்டியைப் பார்க்கிற விதமே தனி. ஓடோமீட்டரை அவர் முதலில் பார்க்கவில்லை. ஃபுட்ரெஸ்ட் ரப்பரைப் பார்த்தார், கியர் லீவரின் நுனி ரப்பரைப் பார்த்தார், கைப்பிடியைத் தடவினார், அப்புறம்தான் மீட்டரைப் பார்த்தார். தேய்மானம் சொல்கிற கணக்கும் மீட்டர் சொல்கிற கணக்கும் ஒத்துப்போகிறதா என்று. பிறகு ஹேண்டில்பாரை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டுக் குனிந்து, அடியில் வண்டியின் இரும்புச் சட்டத்தில் அது முட்டி நிற்கும் இடத்தைப் பார்த்தார். பலமாக மோதிய வண்டியில் அந்த முட்டு நசுங்கியிருக்குமாம். கிளட்ச் லீவரின் உருண்டை நுனி, சைலன்சரின் வெளிப்பக்கம், ஃபுட்ரெஸ்ட் முனை, இதெல்லாம் விழுந்த வண்டியில் முதலில் தரையைத் தொடும் இடங்கள். கிளட்ச் லீவர் நுனியிலும் இடது ஃபுட்ரெஸ்ட் முனையிலும் சிராய்ப்பு.

"இடப்பக்கம் ஒரு தடவை சாஞ்சிருக்கு."

"எங்க அக்கா ஓட்டிப் பழகினப்ப. நின்ன இடத்துலயே."

டேங்கில் உள்ள பள்ளமும் அன்றைக்கு விழுந்ததுதான். அக்கா அழுததும், அப்புறம் ஒரு மாதத்தில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியதும் எனக்கு அந்தப் பள்ளத்தோடு சேர்ந்தே ஞாபகம் வரும். அவர் அதன் மேல் கட்டைவிரலை வைத்து ஆழம் பார்த்தார். எங்கள் வீட்டுக் கதைக்கு அவரிடம் விலை இல்லை, அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்து முன் ஃபோர்க், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஷாக் குழாய்கள். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வலது ஃபோர்க்கில், எண்ணெயை உள்ளேயே நிறுத்துகிற ரப்பர் வளையமான ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. பெரிதாக இல்லை, இரண்டு நாளுக்கு ஒரு முறை மெல்லிய வளையமாக எண்ணெய் படியும். அன்று காலை பழைய பனியனால் பளிச்சென்று துடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். அவர் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஐந்தாறு தடவை பலமாக அமுக்கினார். ஃபோர்க் உள்ளே போய்ப் போய் வந்தது. பிறகு ஆள்காட்டி விரலால் குழாயைச் சுற்றி ஒரு இழுப்பு. விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பளபளத்தது.

"காலையில துடைச்சீங்களா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் பெரிதாகச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். முன்பே சொல்லியிருந்தால் சீல் விலையைக் கழித்திருப்பார். துடைத்துவிட்டு வந்ததால் வேறு என்னென்ன துடைத்தேன் என்பதற்கும் சேர்த்துக் கழித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது என் முறை. நான் பார்த்து வைத்திருந்தது நான்கு வருஷம் ஓடிய 250 சிசி வண்டி. கார்புரேட்டர் கிடையாது, ஃபியூல் இன்ஜெக்ஷன். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், இரண்டுக்கும் ஏபிஎஸ். சைலன்சரில் ஒரு கீறல் இல்லை. அவர் என் வண்டியைப் பார்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அதே வரிசையில் நானும் ஆரம்பித்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, மாணவன் வாத்தியாருக்கே பரீட்சை வைப்பது போல. இன்ஜின் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனேன். சூடு.

"காலையில ஸ்டார்ட் பண்ணீங்களா அண்ணே?"

அவர் சிரித்துவிட்டார். அதுவரை சார் சார் என்றவர் அதற்குப் பிறகுதான் "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார்.

பழைய வண்டியை ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும் என்பது என் மெக்கானிக் தலையில் அடித்துச் சொன்ன பாடம். சூடான இன்ஜின் பல நோயை மறைத்துவிடும். ஆறிய வண்டி சிரமப்பட்டு ஸ்டார்ட் ஆகிறதா, முதல் சில நொடியில் என்ன சத்தம், என்ன புகை என்பதிலேயே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளையாக வந்து மறைந்தால் அது வெறும் நீராவி. ரேடியேட்டர் உள்ள வண்டியில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் உள்ளே போய் எரிகிறது என்று பயப்பட வேண்டும்.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. பட்டனை அமுக்கியதும் பிடித்துக்கொண்டது, புகை இல்லை. ஆனால் முதல் நான்கைந்து நொடி சிலிண்டர் பக்கத்திலிருந்து சங்கிலி தகரத்தில் உரசுவது போல ஒரு கடகட சத்தம். பிறகு அடங்கிவிட்டது. முந்தின நாள் இது காதில் விழ வாய்ப்பே இல்லை. போனில் பதிவு செய்து மெக்கானிக்குக்கு அனுப்பினேன். இன்ஜினுக்குள் ஓடும் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், மாற்றித் தரச் சொல், பெரிய வேலையில்லை, ஆனால் விட்டுவிட்டால் பெரிய வேலையாகும் என்றார்.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. செயின் ஓடுகிற பல்சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறம் செயினை விரலால் இழுத்துப் பார்த்தேன், பல்லை விட்டுப் பெரிதாக எழும்பவில்லை. பாதிப் பல் தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது செயினை மட்டும் மாற்றினால் பிரயோஜனமில்லை, இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பினேன். நேர் நிலையில் லேசாகப் பள்ளத்தில் விழுவது போல நின்றால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. இது வெண்ணெயாகத் திரும்பியது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்த டயர். தரையைப் பிடிக்கிற டயர் பட்டன் பார்க்கப் புதிதாக இருந்தாலும் வயதான ரப்பர் கெட்டிப்பட்டு ஈரத்தில் பிடிக்காது. மழைக்குப் பயந்து வண்டி மாற்றுகிறவன் இதைப் பார்க்காமல் விடுவேனா. வண்டியின் வயதும் டயரின் வயதும் ஒன்றுதான், அதாவது கம்பெனியில் போட்ட டயர். பட்டன் பாதிக்கு மேல் மிச்சம், வெடிப்பு இல்லை. ஒரு வருஷம் போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடிச் சாளரம் கறுத்திருந்தது. காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும் திரவம் அது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். இதில் நான்கு வருஷமாக யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. டென்ஷனரோடு இதையும் சேர்த்து மாற்றித் தரச் சொன்னேன்.

ஏபிஎஸ்ஸைத்தான் நிதானமாகப் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடச் சந்தேகம், யாரோ விளக்கின் வாயை அடைத்திருக்கிறார்கள். இது எரிந்தது, அணைந்தது. ஆள் நடமாட்டமில்லாத இடமாகப் பார்த்து, நேராகப் போய்ப் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கால் தானாகத் தயங்கியது, இரண்டாவது தடவைதான் முழுதாக மிதித்தேன். பெடல் உள்ளங்காலைத் தடதடவென்று தட்டியது. வண்டி நேராக நின்றது. ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

விலை பேசியது பத்து நிமிஷம்கூட இல்லை. மேலே போட வேண்டியதில் கொஞ்சம் குறைத்தார். டென்ஷனர், பிரேக் ஆயில் அவர் செலவு. ஃபோர்க் சீலை நான் பேச்சில் எடுக்கவே இல்லை, அவர் நோட்டில் அது இருந்தது. வண்டியின் சட்டத்தில் கொத்தியிருந்த 17 எழுத்து எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். அதில் ஐ, ஓ, கியூ மூன்று எழுத்தும் வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த வண்டியின் மேல் யாருக்கும் கடன் பாக்கி இல்லை என்பதற்கும் எழுத்தில் வாங்கினேன். என் வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் போட்டு அவர் கையெழுத்திட்ட ரசீது ஒன்றும் வாங்கிக்கொண்டேன். பெயர் மாறும்வரை காகிதத்தில் அது என் வண்டிதான். யாரோ எங்கோ இடித்துவிட்டுப் போனால் தேடிக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

முதல் வாரம் முழுக்க இடது கை டேங்குக்கு அடியில் எதையோ தேடியது. பழைய வண்டி இழுக்க ஆரம்பித்தால் ஓடிக்கொண்டே கையை விட்டு பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்புவேன். இன்ஜெக்ஷன் வண்டியில் அந்தக் குழாயே கிடையாது.

மூன்று வாரம் கழித்து, பெயர் மாற்றம் என்ன ஆயிற்று என்று கேட்கப் போனபோது என் வண்டி கடை வாசலில் முதல் வரிசையில் நின்றது. நான் துடைத்ததைவிட நன்றாகத் துடைத்திருந்தார்கள். பள்ளம் அப்படியே இருந்தது. இருபது வயதுப் பையன் ஒருவன் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் கூட்டாளி ஒருவன். பையன் ஃபோர்க்கை அமுக்கி, விரலால் தடவி, விரலைப் பார்த்தான். காய்ந்த விரல். சீல் மாற்றிவிட்டார் போலிருக்கிறது. செல்ஃபை அமுக்கினான், பிடிக்கவில்லை. சோக்கை முழுக்க இழுத்துவிட்டு மறுபடி அமுக்கினான். இரண்டு இருமல், நின்றுவிட்டது.

கடைக்காரர் உள்ளே போனில் இருந்தார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போனேன்.

"தம்பி, சோக் முழுசா வேணாம். பாதியில நிறுத்துங்க."

நிமிர்ந்து பார்த்தான். "உங்க வண்டியாண்ணா?"

"இருந்துச்சு."

"ஏண்ணா வித்தீங்க?"

கடைக்காரர் போனைக் காதில் வைத்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழையில பின் பிரேக்க மட்டும் நம்பி மிதிச்சீங்கன்னா சக்கரம் பூட்டிக்கும். எனக்கு ஒரு தடவை ஆச்சு, அதுல பயந்துட்டேன். மத்தபடி இன்ஜின்ல ஒரு குறை கிடையாது."

பையன் கூட்டாளியைப் பார்த்தான். பிறகு சோக்கைப் பாதிக்குத் தள்ளிவிட்டு செல்ஃபை அமுக்கினான். முதல் அமுக்கிலேயே பிடித்துக்கொண்டது.